திருச்சி மேடை – 14: இரவல் குரல்

சங்கிலியாண்டபுரத்துச் சிவாஜி கணேசனை 1952 தீபாவளியன்று, ‘பராசக்தி’ வெளியான நாளில் விட்டுவிட்டு வந்தோம். இந்த வாரம் ஒரேயடியாக அறுபது வருஷம் தாண்டிக் குதிக்கப் போகிறேன். நடுவில் ஆளே கிடைக்கவில்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள், வருவார்கள். பாகவதரையும் கணேசனையும் அடுத்தடுத்து எழுதியபோது ஒரு விஷயம் பிடிபட்டது. அதை ஆறப்போடாமல் சொல்லிவிட வேண்டும் என்பதால்தான் இந்த அவசரம்.

திருச்சியிலிருந்து கோடம்பாக்கம் போனவர்கள் பெரும்பாலும் குரலைக் கையில் பிடித்துக்கொண்டு போனவர்கள். பாகவதரை எடுத்துக்கொள்ளுங்கள். ரயில்வே அதிகாரியும் ரசிக ரஞ்சன சபாவின் சூத்திரதாரியுமான எஃப்.ஜி.நடேசய்யர், பாட்டைக் கேட்டுத்தான் அந்தச் சின்னப் பையனுக்கு ‘அரிச்சந்திரா’வில் லோகிதாசன் வேஷம் கொடுத்தார். கணேசனுக்குப் பாட்டு வாய்க்கவில்லை, வசனம் வாய்த்தது. மூன்றாவதாக ஒருவர் போனார். அவர் மூட்டையில் இருந்தவை எல்லாம் பிறருடைய குரல்கள். பலகுரல்காரர். ஊரே கேட்டுப் பழகிய நட்சத்திரங்களின் குரல்களை இரவல் வாங்கிப் பேசிப் பரிசு வாங்கியவர். இந்த அத்தியாயம் சிவகார்த்திகேயனைப் பற்றியது.

பிறந்தது திருச்சி அல்ல. 1985 பிப்ரவரி 17, சிவகங்கை மாவட்டத்துச் சிங்கம்புணரி. குடும்பத்தின் பூர்வீகம் திருவாரூர் மாவட்டத்துத் திருவீழிமிழலை, நாகசுரத்துக்குப் பெயர்போன ஊர். பாகவதர் பிறந்தது மாயவரம், சிவாஜி பிறந்தது விழுப்புரம் என்று முன்பே எழுதியிருக்கிறேன். ஆக, திருச்சி பெற்ற நடிகர்கள் என்று பெருமை பேச நமக்கு வழியில்லை. வளர்த்த நடிகர்கள் என்று சொல்லிக்கொள்ளலாம். வளர்த்த பாசம் பெற்ற பாசத்துக்குக் குறைந்ததில்லை என்பது இந்த ஊர்க்காரர்கள் கட்சி.

தந்தை தாஸ், சிறைத்துறை அதிகாரி. திருச்சி மத்திய சிறையில் கண்காணிப்பாளராக இருந்தவர். இந்த இடத்தில் ஒரு நிமிஷம் நின்று போக வேண்டும். திருச்சி வளர்த்த முதல் பெரிய நட்சத்திரமான பாகவதர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944 டிசம்பரில் கைதாகி, 1947 ஏப்ரலில்தான் வெளியே வந்தார். சிறைக் கதவு அவருடைய சினிமா வாழ்க்கையை இரண்டாக வெட்டிப் போட்டது. கடைசியாகக் கிளம்பிய நட்சத்திரமோ சிறை அதிகாரி வீட்டுப் பிள்ளை. நாவலில் எழுதினால் ஜோடனை என்பார்கள். வரலாற்றில் இப்படி நடந்தால் நாம் என்ன செய்வது?

கேம்பியன் பள்ளியில் படிப்பு. பிறகு ஜே.ஜே. பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ். அதுவரைக்கும் திருச்சியின் ஆயிரக்கணக்கான நடுத்தரக் குடும்பத்துப் பையன்களின் கதைதான் அவருடையதும். கல்லூரி நாட்களில் தந்தை திடீரென்று காலமானார். அந்த இழப்பைப் பற்றி அவர் மேடைகளிலும் பேட்டிகளிலும் பலமுறை பேசியிருக்கிறார். பேசும்போதெல்லாம் குரல் தழுதழுக்கும். சோகத்திலிருந்து தன்னை வெளியே இழுத்து வந்தது கல்லூரி மேடையில் கிடைத்த கைத்தட்டல்தான் என்பார். அவருடைய படங்களில் அப்பா என்ற பாத்திரம் ஏன் திரும்பத் திரும்ப வந்து நிற்கிறது என்பதற்கு விமர்சகர்கள் ஆயிரம் காரணம் சொல்லலாம். எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

சரி, கைத்தட்டல் வாங்கிய பையன் சினிமாவுக்குப் போவது எப்படி? ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு வாசல் உண்டு. 1920களில் சபா நாடகம். 1930களில் பாய்ஸ் கம்பெனி. கணேசன் ஏழெட்டு வயதில் வீட்டை விட்டுப் போய்ச் சேர்ந்தாரே, யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் கம்பெனி, அந்த மாதிரி. அங்கே வாத்தியார் இருந்தார், அடி இருந்தது, பாட்டும் ஆட்டமும் வசனமும் வருஷக்கணக்கில் ஊட்டப்பட்டன. பையன் சீதையாகவும் நடிக்க வேண்டும், எதிரி வேஷமும் கட்ட வேண்டும். 2000க்குப் பிறகு அந்த வாசல் டெலிவிஷன் போட்டியாக மாறியது. விஜய் டிவியின் ‘கலக்கப்போவது யாரு?’ மூன்றாவது சீசனில் பட்டம் வென்றவர் சிவகார்த்திகேயன்.

பாய்ஸ் கம்பெனிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இங்கே வாத்தியார் கிடையாது. சில நிமிஷம் தருவார்கள். எதிரே நடுவர்கள். அதற்குள் சிரிக்க வைத்தால் அடுத்த வாரம் உண்டு, இல்லாவிட்டால் வீட்டுக்குப் பஸ். பாட்டு, நடனம், உணர்ச்சி எதையும் யாரும் சொல்லித் தருவதில்லை. கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்று: சட்டென்று பேசுவது. திருச்சிப் பையனுக்கு இதில் ஒரு சௌகரியம் இருந்ததென்று நினைக்கிறேன். மதுரை, கோவை, நெல்லை என்றால் வாயைத் திறந்த மாத்திரத்தில் ஊர் தெரிந்துவிடும். திருச்சித் தமிழ் நடுவாந்திரம், பெரிய வாடை கிடையாது. வெள்ளைத் துணியில் எந்தச் சாயமும் ஏறும் என்பதுபோல், வாடையில்லாத நாக்கில் பிறர் குரல் சுலபமாக ஏறுகிறது. இது என் ஊகம். திருச்சிக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

போட்டியில் ஜெயித்தவர்கள் பலர். அவர்களில் பெரும்பாலோர் மேடைக் கச்சேரிகளோடு நின்றார்கள். சிவகார்த்திகேயனுக்கு அடுத்த படி கிடைத்தது. ‘ஜோடி நம்பர் ஒன்’னில் ஆடினார், பிறகு ‘அது இது எது’ நிகழ்ச்சிக்குத் தொகுப்பாளரானார். 2009 வாக்கில் தொடங்கிய அந்த நிகழ்ச்சியை இன்று யூடியூபில் பார்க்கிறவர்களுக்கு அதன் அன்றைய செல்வாக்கு புரியாது. அதில் மூன்று சுற்று. ‘குரூப்புல டூப்பு’ என்றால், நிற்பவர்களில் நிஜ ஆள் யார், நடிக்கிற ஆள் யார் என்று விருந்தினர் கண்டுபிடிக்க வேண்டும். ‘மாத்தி யோசி’ என்றால், கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதிலைச் சொல்ல வேண்டும். ‘சிரிச்சா போச்சு’ என்றால், எதிரே நகைச்சுவைக் கலைஞர்கள் என்ன கூத்தடித்தாலும் விருந்தினர் சிரிக்கக்கூடாது, சிரித்தால் அவுட். தொகுப்பாளர் நடுவே நின்று எல்லோரையும் கலாய்க்க வேண்டும், யாரையும் புண்படுத்தக்கூடாது. சுலபமாகத் தெரியும். செய்து பார்த்தால்தான் தெரியும்.

அந்த மூன்று சுற்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

டெலிவிஷன் அவருக்குக் கொடுத்த இன்னொரு சொத்து, வீடு. சினிமா நட்சத்திரத்தை நாம் இருட்டில் உட்கார்ந்து அண்ணாந்து பார்க்கிறோம். டிவி தொகுப்பாளரைச் சாதம் பிசைந்துகொண்டே பார்க்கிறோம். பாட்டி ஒரு பக்கம், பேரன் ஒரு பக்கம். இப்படி வாராவாரம் கூடத்துக்கு வந்து போன முகம் பிறகு தியேட்டருக்குப் போனபோது, குடும்பமும் பின்னாலேயே போனது. குழந்தைகள் அவருக்கு ரசிகர்களானது பட விளம்பரத்தால் அல்ல. அவர்கள் அவரை ஏற்கெனவே வீட்டில் பார்த்திருந்தார்கள்.

ஆனால் சினிமாக்காரர்கள் டிவிக்காரர்களைச் சரிசமமாக உட்கார வைத்த காலம் இல்லை அது. சின்னத்திரை என்ற சொல்லிலேயே அந்த ‘சின்ன’ இருக்கிறது. நாடகக்காரன் சினிமாவில் நுழைந்தபோதும் இதே ஏளனம்தான். ‘பராசக்தி’யில் கணேசனை மாற்றிவிடலாம் என்று பேச்சு எழுந்ததையும், பெருமாள் முதலியார் பிடிவாதமாக நின்றதையும் போன இதழில் படித்தீர்கள். சிவகார்த்திகேயனுக்குப் பெருமாள் முதலியாராக வாய்த்தவர் புதுக்கோட்டைச் சீமைக்காரரான இயக்குநர் பாண்டிராஜ். மெரினா கடற்கரையில் சுண்டல் விற்கும் சிறுவர்களைப் பற்றிய ‘மெரினா’ 2012 பிப்ரவரியில் வந்தது. அதில்தான் அறிமுகம். அடுத்த மாதமே ‘3’ படத்தில் தனுஷுக்கு நண்பன், பாதியில் கதையை விட்டே போய்விடுகிற வேஷம். அதே ஆண்டு எழிலின் ‘மனம் கொத்திப் பறவை’.

2013தான் கணக்குத் திரும்பிய வருஷம். மார்ச் மாதம் பாண்டிராஜின் ‘கேடி பில்லா கில்லாடி ரங்கா’. நமக்கு முக்கியமான படம். திருச்சியிலேயே நடக்கும் கதை. வேலைவெட்டி இல்லாமல் கவுன்சிலர் கனவு காணும் இரண்டு வாலிபர்கள், அவர்களைச் சுமக்கும் அப்பாக்கள். ஒரு வாலிபர் மணப்பாறைப் பக்கத்து விமல், இன்னொருவர் நம்மவர், பட்டை முருகன் என்ற பெயரில். விமல் ந.முத்துசாமியின் கூத்துப்பட்டறையில் பயின்றவர், இவர் டிவியில் பயின்றவர். இரண்டு வெவ்வேறு வாசல் வழியாக வந்த திருச்சிச் சீமைக்காரர்கள் ஒரே சட்டகத்தில் நிற்கிறார்கள். பெரிய படம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தண்டச்சோறு என்று திட்டுகிற அப்பாவின் அருமை பையனுக்குப் பிடிபடும் இடத்தில், சிரிக்க வைக்க வந்த நடிகரிடம் வேறொரு ஆள் எட்டிப் பார்த்தார். நான் அவரைக் கவனிக்க ஆரம்பித்தது அப்போதுதான்.

மே மாதம் ‘எதிர்நீச்சல்’. இதற்காக நாம் காவிரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கம் போக வேண்டும்.

ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த டி.எஸ்.ரங்கராஜன், திருச்சி வானொலியில் நாடகம் எழுதிப் பழகிப் பட்டணம் போய் வாலி ஆனவர். 1968இல் கே.பாலசந்தரின் ‘எதிர்நீச்சல்’ படத்துக்குப் பாட்டெழுதினார். 45 வருஷம் கழித்து அதே தலைப்பில் தனுஷ் தயாரித்த படத்துக்கும் ‘வெளிச்சப் பூவே’ பாட்டை எழுதினார். அந்தப் படத்தின் நாயகன் ஆற்றுக்கு இந்தக் கரையில் வளர்ந்த பையன். படம் மே மாதம் வந்தது. ஜூலை 18 அன்று வாலி மறைந்தார். இன்னொன்றையும் கவனியுங்கள். வாலி பாட்டாசிரியராக இருந்துகொண்டே 1983இல் பாலசந்தரின் ‘பொய்க்கால் குதிரை’யில் நடித்தவர். சிவகார்த்திகேயன் நடிகராக இருந்துகொண்டே ‘கோலமாவு கோகிலா’வுக்கும் ‘டாக்டர்’ படத்துக்கும் பாட்டெழுதினார். ‘பீஸ்ட்’ படத்தின் ‘அரபிக் குத்து’ அவர் எழுதியதுதான். தரத்தை ஒப்பிட்டு அடிக்க வராதீர்கள். கொடுக்கல் வாங்கலைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

அதே 2013 செப்டம்பரில் பொன்ராமின் ‘வருத்தப்படாத வாலிபர் சங்கம்’. அதற்குப் பிறகு அவரைத் தொகுப்பாளர் என்று யாரும் அழைக்கவில்லை.

இங்கே நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். அவருடைய படங்களின் தலைப்புகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். ‘எதிர்நீச்சல்’ 1968இல் நாகேஷ் படம். ‘காக்கி சட்டை’ 1985இல் கமல் படம், இவர் பிறந்த அதே ஆண்டு. ‘வேலைக்காரன்’ 1987, ரஜினி. ‘மாவீரன்’ 1986, ரஜினி. ‘அமரன்’ 1992, கார்த்திக். ‘ரஜினிமுருகன்’ என்ற தலைப்பில் ரஜினியே இருக்கிறார். ‘நம்ம வீட்டுப் பிள்ளை’ என்றதும் எம்.ஜி.ஆரின் ‘எங்க வீட்டுப் பிள்ளை’ காதில் ஒலிக்காதவர் உண்டா? பழைய தலைப்பை எடுத்தாள்வது இன்று ஊர்வழக்கம்தான். ஆனாலும் இத்தனை தலைப்பை இரவல் வாங்கிய இன்னொரு நாயகர் என் நினைவுக்கு வரவில்லை. பிறர் குரலில் பேசித் தொடங்கியவர் பிறர் தலைப்பிலும் பேசிப் பார்த்தார்.

நடுவில் 2016இல் ‘ரெமோ’. பெண் நர்ஸ் வேஷம். பாய்ஸ் கம்பெனியில் பையன்கள் ஸ்திரீபார்ட் கட்டிய நாட்களுக்கு இது ஒரு தூரத்து உறவு. வேஷம் பொருந்தியது. ஆனால் நிச்சயமான பெண்ணைப் பொய் சொல்லித் துரத்திப் பிடிக்கும் அந்தக் கதை எனக்கு உறுத்துகிறது. படத்தின் வெற்றி விழாவில் அவர் மேடையிலேயே அழுதார். எங்களை வேலை செய்ய விடுங்கள் என்ற பொருளில் பேசினார். யாரைச் சொன்னார் என்று ஊடகங்கள் வாரக்கணக்கில் ஆராய்ந்தன. டிவிக்காரன் மேலே வருவது எல்லோருக்கும் இனிக்கவில்லை என்பது மட்டும் விளங்கியது.

2017 டிசம்பரில் மோகன் ராஜாவின் ‘வேலைக்காரன்’. நாம் வாங்கித் தின்னும் பாக்கெட்டுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்ட படம். ‘சீமராஜா’, ‘மிஸ்டர் லோக்கல்’, ‘ஹீரோ’ பற்றி எழுத எதுவுமில்லை. அவரே அவரை நகலெடுத்துக்கொண்டிருந்த காலம் அது. பலகுரல்காரருக்கு வரக்கூடிய மிக மோசமான வியாதி அதுதான்.

அந்தக் காலத்திலும் ஒரு நல்ல காரியம் செய்தார். 2018 டிசம்பரில் ‘கனா’வைத் தயாரித்தார். இயக்கியவர் அருண்ராஜா காமராஜ், கல்லூரித் தோழர், காவிரிக் கரையில் இருக்கிற குளித்தலைக்காரர். குளித்தலை விவசாயி மகள் ஒருத்தி இந்திய கிரிக்கெட் அணிக்குப் போகிற கதை. ஐஸ்வர்யா ராஜேஷ் மகள், சத்யராஜ் அப்பா. தயாரிப்பாளர் கடைசிப் பகுதியில் பயிற்சியாளராக வந்து போகிறார். அந்தப் பாத்திரத்தின் பெயர் நெல்சன் திலீப்குமார். அது விஜய் டிவி நாட்களின் நண்பர் பெயர், பின்னாளில் ‘டாக்டர்’ எடுத்தவர். பாய்ஸ் கம்பெனிப் பையன்கள் சாகும்வரை ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்காததைக் காகா ராதாகிருஷ்ணன் கதையில் பார்த்தோம். டிவி கம்பெனிக்கும் அந்தக் குணம் இருக்கிறது. அவருடைய நிறுவனம் தயாரித்த பி.எஸ்.வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’ 2024இல் பெர்லின் விழாவுக்குப் போனது. வசூலுக்காக எடுத்த படம் அல்ல அது. அதற்காகவே ஒரு கும்பிடு.

‘டாக்டர்’ 2021 அக்டோபரில் வந்தது. கொரோனா கட்டுப்பாடு, தியேட்டரில் பாதி இருக்கைக்குத்தான் அனுமதி. அப்படியும் கூட்டம். அதில் அவர் ராணுவ மருத்துவர், முகத்தில் ஒரு சுளிப்பு கிடையாது, பேச்சும் அளந்துதான். சுற்றியிருப்பவர்கள் அத்தனை பேரும் கூத்தடிக்க, நடுவில் இவர் மட்டும் சிரிக்காமல் நிற்கிறார். எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதா? ‘சிரிச்சா போச்சு’தான். வருஷக்கணக்கில் விருந்தினரை உட்கார வைத்து வேடிக்கை பார்த்த நாற்காலியில், நெல்சன் அவரையே உட்கார வைத்துவிட்டார். வாயால் பிழைத்தவர் வாயைக் கட்டிக்கொண்டதும் நடிகர் வெளியே வந்தார்.

2022இல் ‘டான்’. பொறியியல் கல்லூரி, கண்டிப்பான அப்பா, பிந்திப் புரியும் பாசம். சொந்தக் கதையின் வாசனை அடிக்கும் படம். 2023 ஜூலையில் மடோன் அஸ்வினின் ‘மாவீரன்’. இதைப் பற்றி ஒரு பக்கம் எழுதலாம், ஆசிரியர் இடம் தர மாட்டார். பயந்த சுபாவமுள்ள சித்திரக்கதை ஓவியன் ஒருவனுக்குக் காதில் ஒரு குரல் கேட்கிறது. அவன் என்ன செய்யப் போகிறான் என்று முன்கூட்டியே சொல்லி அவனை இழுத்துப் போகிறது. குரல் விஜய் சேதுபதியுடையது. பிறர் குரல்களை வாங்கிப் பேசி மேலே வந்தவரின் காதில் இன்னொருவர் குரல் ஏறி உட்கார்ந்து ஆட்டி வைக்கிற கதை! இயக்குநர் இதை எண்ணித்தான் அவரைப் போட்டாரா என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை.

பிறகு ‘அமரன்’. 2014 ஏப்ரலில் காஷ்மீரின் சோபியான் பகுதியில் வீரமரணம் அடைந்த, அசோக சக்கரம் பெற்ற மேஜர் முகுந்த் வரதராஜனின் வாழ்க்கை. கமலின் ராஜ்கமல் நிறுவனத் தயாரிப்பு, இயக்கம் ராஜ்குமார் பெரியசாமி. சாய் பல்லவி முகுந்தின் மனைவியாக நடித்து, படத்தின் பாதியைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். அதை மறைத்து நாயகனை மட்டும் புகழ்வது நேர்மையல்ல. வாழ்ந்து மறைந்த ஒரு மனிதரை எடுத்துக்கொண்டு, அவர் சாயலைக் கேலி தொனிக்காமல் கொண்டுவர வேண்டிய வேலை நாயகனுக்கு. மிமிக்ரி மேடையில் செய்ததற்கு நேர் எதிர். செய்து காட்டினார். வசூல் 300 கோடியைத் தாண்டியது என்று வணிக வட்டாரம் கணக்குச் சொன்னது.

அந்தப் படம் வந்த நாள் 2024 அக்டோபர் 31, தீபாவளி. பாகவதரின் ‘ஹரிதாஸ்’ வந்ததும் ஒரு தீபாவளி, 1944 அக்டோபர் 16. நடுவில் எண்பது வருஷம்.

2025 செப்டம்பரில் முருகதாஸின் ‘மதராஸி’. 2026 பொங்கலுக்கு 25ஆவது படம், சுதா கொங்கரா இயக்கியது. தலைப்பு ‘பராசக்தி’. சங்கிலியாண்டபுரத்துக் கணேசன் முதன்முதலில் திரையில் பேசிய படத்தின் தலைப்பு, இப்போது ஜே.ஜே. கல்லூரிப் பையன் கையில். இரவல்களிலேயே கனமான இரவல் இதுதான். கதை 1960களின் இந்தி எதிர்ப்புப் போராட்டம். கீழப்பழுவூர் சின்னச்சாமி 1964 ஜனவரி 25 அன்று தமிழுக்காகத் தன்னையே தீயிட்டுக்கொண்டது நம் திருச்சி ஜங்ஷனில்தான் என்பதை இளைய வாசகர்களுக்கு நினைவூட்டுகிறேன்.

விட்ட இடத்துக்கு அடுத்த இதழில் திரும்புவோம். 1939இல் தொடங்கிய திருச்சி வானொலி நிலையமும், அதன் நாடகங்களில் முகம் காட்டாமல் நடித்தவர்களும் நம் அடுத்த அத்தியாயம். அந்த நாடகங்களில் குரல் கொடுத்தவர்கள் யாராவது உங்கள் வீட்டில், தெருவில் இருந்தால், பழைய புகைப்படமோ ஒப்பந்தக் காகிதமோ பரணில் கிடந்தால், ஆசிரியர் முகவரிக்கு ஒரு நகல் அனுப்புங்கள். மூலப் பிரதியை மட்டும் அனுப்பிவிடாதீர்கள், அது உங்களிடமே இருக்கட்டும்.